எல்லைத் தெருவில் நின்ற காலரா

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்கும் அதன் மேற்கே ஒட்டிக் கிடந்த ஆல்டோனாவுக்கும் நடுவே மதில் இல்லை, அகழி இல்லை, ஓடைகூட இல்லை. எல்லை ஷுல்டர்பிளாட் என்ற தெருவின் வழியாகப் போனது. அதன் ஒரு சிறகு ஹாம்பர்க், எதிர்ச்சிறகு ஆல்டோனா. இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்குவார்கள். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் கூலிவேலைக்கு வருவார்கள். ஒரே மண், ஒரே காற்று, ஏறக்குறைய ஒரே ஏழ்மை. 1892 ஆகஸ்டில் காலரா வந்தபோது ஹாம்பர்க் சிறகில் வரிசையாகச் சாவு விழுந்தது. எதிர்ச்சிறகு கிட்டத்தட்டத் தப்பியது.

ஹாம்பர்கில் அந்த இலையுதிர்காலம் முடிவதற்குள் 16,956 பேருக்குக் காலரா கண்டது. 8,605 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பாதிக்கு மேல்! மேற்கு ஐரோப்பாவின் மற்ற பெருநகரங்கள் காலராவை ஏறக்குறைய மறந்துவிட்டிருந்த காலம் அது. லண்டனில் கடைசிப் பெருங்காலரா 1866-லேயே முடிந்துவிட்டது. ஜெர்மனியின் முதல் துறைமுகம், கப்பல் முதலாளிகளும் வங்கியாளர்களும் நிறைந்த பணக்கார ஊர், கால் நூற்றாண்டு பின்னால் போய் நின்றது.

சென்ற இதழில், லண்டன் பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த ஜான் ஸ்நோவைப் பார்த்தோம். தண்ணீரில்தான் காலரா இருக்கிறது என்று அவர் 1854-ல் சொன்னார். அது என்ன என்று காட்ட அவரால் முடியவில்லை. 30 ஆண்டுகள் கழித்து ராபர்ட் கோக் காட்டினார். 1884-ல் கல்கத்தாவில் நோயாளிகளின் குடலிலிருந்து காற்புள்ளி போல வளைந்த கிருமியைப் பிரித்தெடுத்தார். ஜனங்கள் குளித்து, துவைத்து, குடித்து வந்த ஒரு குளத்துத் தண்ணீரிலும் அதே கிருமியைக் கண்டார். ஆக, ஹாம்பர்கில் சாவு விழுந்தபோது காலராவின் காரணம் ஊருக்குத் தெரியாத ரகசியமாக இருக்கவில்லை. தெரிந்தும் நடந்தது. இந்தத் தொடரில் ஹாம்பர்குக்கு முழு அத்தியாயம் ஒதுக்கியிருப்பது அதற்காகத்தான்.

1842 மே மாதத்தில் ஒரு பெருந்தீ ஹாம்பர்கின் நடுப்பகுதியைத் தின்றது. எரிந்த ஊரைத் திரும்பக் கட்டும் பொறுப்பில் பெரும்பங்கு வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளரிடம் வந்தது. நிலத்தடிச் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் சேர்ந்த முழுத் திட்டத்தை அவர் வகுத்தார். ஐரோப்பியக் கண்டத்தில் அப்படி ஒன்று அதற்கு முன் இல்லை. பல நகரங்கள் ஆள் அனுப்பிப் பார்த்துக்கொண்டு போயின. 1848-ல் ரோட்டன்பர்க்ஸ்ஓர்ட் நீரேற்று நிலையம் ஓடத் தொடங்கியது. ஊருக்கு மேலே எல்பே ஆற்றில் தண்ணீர் எடுப்பார்கள், வண்டல் படியத் தொட்டியில் நிறுத்துவார்கள், குழாயில் ஏற்றுவார்கள். கழிவுநீர் ஊருக்குக் கீழே ஆற்றில் கலக்கும். தாளில் பார்த்தால் பழுதில்லாத ஏற்பாடு.

ஆனால் எல்பே ஹாம்பர்கில் ஒருவழி ஆறு இல்லை. கடலோதம் அந்த ஊரையும் தாண்டி ஏறும். ஓதம் ஏறும் நேரத்தில் கீழே விட்ட கழிவு மேலே வரும். ஆற்றில் நீர் குறைந்தால் இன்னும் மேலே வரும். 1892 கோடை கொளுத்தியது, மழை பொய்த்தது, எல்பே மெலிந்தது. நீர் எடுக்கும் வாய்வரை சாக்கடை எட்டிப்பார்த்தது. வண்டல் தொட்டிகளும் உதவவில்லை. ஊர் பெருக்கப் பெருக்கத் தண்ணீர்த் தேவை ஏறியதால், தொட்டியில் தண்ணீர் நிற்கும் நேரம் சுருங்கிப்போயிருந்தது.

அந்தக் குழாய்களுக்குள் என்ன இருந்தது என்பது ஊரறிந்த விஷயம். 1880-களில் கார்ல் கிரேப்பலின் என்ற விலங்கியலாளர் ஹாம்பர்க் குடிநீர்க் குழாய்களில் வாழும் உயிரினங்களைத் தேடிப்பிடித்து ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். புழு, நத்தை, சிப்பி, நன்னீர்ப் பஞ்சு, மீன் என்று பட்டியல் நீளும். விலாங்கு மீன் குழாயை அடைத்துக்கொள்வது அங்கே அபூர்வச் செய்தி இல்லை. ஒரு சிறு வடிகட்டியைக்கூடத் தாண்டாத தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்பதற்கு இதைவிட அப்பட்டமான சாட்சி வேண்டுமா? விலாங்கு நுழையும் வழியில் கிருமி நுழையத் தடையேது!

மணல் வடிகட்டி வேண்டும் என்ற பேச்சு 1870-களிலேயே எழுந்தது. நகரின் தலைமைப் பொறியாளர் ஃபிரான்ஸ் ஆண்ட்ரியாஸ் மேயர் திட்டத்தோடு நின்றார். பணம் இல்லை என்று சொல்ல ஹாம்பர்கால் முடியாது. அதே ஆண்டுகளில்தான் கிடங்கு நகரம் என்ற பிரம்மாண்டத் துறைமுகக் கிடங்குகளை அந்த ஊர் எழுப்பிக்கொண்டிருந்தது. தகராறு செலவை யார் தலையில் கட்டுவது என்பதில். ஹாம்பர்க் அப்போது தன்னைத் தானே ஆண்டுகொண்ட குடியரசு. சட்டமன்றத்தின் 160 இடங்களில் 40 இடங்களை வீடு, நிலம் வைத்திருப்போர் மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற இடங்களிலும் அவர்கள் குரல் ஓங்கியே இருந்தது. துறைமுகத் தொழிலாளிக்கு ஓட்டே கிடையாது என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் குடியுரிமை வாங்கக் கட்டணம் கட்ட வேண்டும். வரி ஏறக்கூடாது, தண்ணீருக்கு மீட்டர் வைக்கக்கூடாது என்று சபையில் இழுத்தடித்தே ஆண்டுகள் ஓடின. 1890-ல் ஒருவழியாக வடிகட்டிக்கு ஒப்புதல் கிடைத்தது. எல்பேயின் காள்ட்டஹோஃபே தீவில் கட்டுமானம் தொடங்கி நடந்துகொண்டிருந்தபோதே காலரா வந்துவிட்டது.

சபையின் மெத்தனத்துக்கு ஒரு விஞ்ஞானத் துணையும் இருந்தது. மியூனிக்கின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய சுகாதார மேதை. கிருமி மட்டும் காலராவை உண்டாக்காது. மண்ணின் ஈரமும் நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தால்தான் நோய் பரவும். குடிநீருக்கு இதில் பங்கில்லை என்பது அவர் கொள்கை. ஹாம்பர்க் மருத்துவ அதிகாரிகள் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள். நோய்க்குக் குடிநீர் காரணமில்லை என்றால் வடிகட்டிக்கு என்ன அவசரம்? பெட்டன்கோஃபர் மோசடிக்காரர் அல்லர். அவர் வற்புறுத்தலால்தான் மியூனிக் சாக்கடையும் நல்ல தண்ணீரும் பெற்றது. தவறான கொள்கையோடு நல்ல காரியங்கள் செய்த மனிதர் அவர். அதே கொள்கை ஹாம்பர்கில் சோம்பலுக்குச் சாக்காகிப்போனது.

ஆகஸ்ட் நடுவில் முதல் நோயாளிகள் வந்தார்கள். ஆல்டோனாவில் ஒரு மருத்துவர் காலரா என்று உடனே சந்தேகித்தார். ஹாம்பர்க் அதிகாரிகளோ கிருமியை வளர்த்துப் பார்த்து உறுதி செய்யாமல் வாய் திறக்க மறுத்தார்கள். காலரா என்று அறிவித்தால் உலகத் துறைமுகங்கள் ஹாம்பர்க் கப்பல்களைத் தடுத்து நிறுத்தும். ஒரு வணிக நகரத்துக்கு அதைவிடப் பயம் எது? அறிவிப்பு வெளியாக ஆகஸ்ட் 24 ஆயிற்று. அந்த ஒரு வாரமும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, ஜனங்கள் காய்ச்சாத தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே 24-ஆம் தேதி பெர்லினிலிருந்து கோக் வந்து இறங்கினார். மருத்துவமனைகளைப் பார்த்தார். துறைமுகத்தை ஒட்டிய கெங்கேஃபியர்டெல் பகுதிக்குப் போனார்: ஆள் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நடக்க வேண்டிய சந்துகள், வெளிச்சம் படாத முற்றங்கள், பல குடும்பத்துக்கு ஒரே கழிப்பிடம். கல்கத்தாவையும் அலெக்சாண்டிரியாவையும் பார்த்தவர், தான் ஐரோப்பாவில் இருப்பதையே மறந்துவிட்டதாகக் கூட இருந்தவர்களிடம் சொன்னார். மாதக் கடைசியில் ஒரே நாளில் 1000 பேருக்கு மேல் புதிதாக விழுந்தார்கள். ஓல்ஸ்டார்ஃப் இடுகாட்டில் இரவிலும் குழி தோண்டினார்கள். வண்டிகளில் காய்ச்சிய தண்ணீர் கொண்டுபோய்த் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள். எச்சரிக்கைத் துண்டறிக்கையை ஏழைகளின் வீடுகளுக்குச் சேர்க்க அரசிடம் ஆள்கட்டு இல்லை; அதுவரை போலீஸை விட்டு வேவு பார்த்துவந்த சமூக ஜனநாயகக் கட்சித் தொண்டர்களிடமே போய் நிற்க வேண்டிவந்தது. அவர்கள் படியேறிப் படியேறிக் கொடுத்தார்கள்.

யார் கொண்டுவந்தது என்ற கேள்வியும் கிளம்பியது. ரஷ்யாவில் அந்த ஆண்டு காலரா. அங்கிருந்து அமெரிக்கா போக வந்த ஏழைகள், பெரும்பாலும் யூதர்கள், துறைமுகக் கொட்டகைகளில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். அந்தக் கொட்டகைகளின் கழிவு எல்பேயில்தான் கலந்தது. கிருமி அந்த வழியாக ஆற்றில் இறங்கியிருக்க இடமுண்டு. பத்திரிகைகள் அதையே பிடித்துக்கொண்டு வந்தேறிகள் மேல் பழி போட்டன. ஆனால் ஒரு பயணியின் வயிற்றுக் கிருமியை ஆறு லட்சம் பேர் கொண்ட ஊரின் சமையலறைகளுக்கெல்லாம் பங்கிட்டது நகரத்தின் சொந்தக் குழாய். அதற்கு எந்த அகதியும் பொறுப்பில்லை.

கோக் இப்போது வரைபடத்தை எடுத்தார். ஹாம்பர்க், ஆல்டோனா, வான்ட்ஸ்பெக் மூன்றும் ஒட்டிய ஊர்கள். வெளியூர்க்காரருக்கு ஒரே ஊர். தண்ணீர் மட்டும் வேறு. வான்ட்ஸ்பெக்குக்கு வடிகட்டிய ஏரித்தண்ணீர், ஹாம்பர்குக்கு வடிகட்டாத எல்பே, ஆல்டோனாவுக்கு வடிகட்டிய எல்பே. நோய்ப்புள்ளிகள் ஹாம்பர்குக்குள் நெருங்கிக் கிடந்தன, எல்லையில் நின்றன. ஷுல்டர்பிளாட் தெருவின் இரு சிறகுகள் போதாதென்று, இன்னும் கூர்மையான சாட்சி ஒன்றும் கிடைத்தது. ஹாம்பர்கர் ஹோஃப் என்ற தொழிலாளர் குடியிருப்பு ஹாம்பர்க் மண்ணில் இருந்தது. இட அமைப்பின் காரணமாக அதற்கு ஆல்டோனாவிலிருந்து குழாய் வந்தது. சுற்றிலும் காலரா, உள்ளே நூற்றுக்கணக்கான பேர் வாழ்ந்த அந்தக் குடியிருப்பில் ஒருவருக்கும் இல்லை. சொந்தக் கிணறு வைத்திருந்த சிறைச்சாலையும் தப்பித்தது. பெட்டன்கோஃபரின் மண் தெருவின் இரண்டு பக்கமும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். மாறியது தண்ணீர் மட்டும்.

இதில் வியப்பான பகுதி ஆல்டோனா தண்ணீர் எடுத்த இடம். பிளாங்கனேசேயில், ஹாம்பர்குக்குக் கீழே. ஹாம்பர்க், ஆல்டோனா இரண்டு ஊரின் கழிவும் கலந்த பிறகு வரும் ஆற்றைத்தான் அந்த ஊர் குடித்தது! ஹாம்பர்க் எடுத்த தண்ணீரைவிடப் பலமடங்கு அழுக்கு. நடுவே இருந்தது ஆல்டோனா 1859-லிருந்து வைத்திருந்த மணல் வடிகட்டி. அதைக் கட்டியபோது கிருமி என்ற ஒன்றை யாரும் நினைத்திருக்கவில்லை. கலங்கல் தெளிய வேண்டும் என்பதற்காகக் கட்டினார்கள்.

மணல் எப்படிக் கிருமியைப் பிடிக்கிறது? மணற்பரலுக்கு இடையே உள்ள சந்தில் காலராக் கிருமி தாராளமாக நுழைந்து போகும்; சல்லடை வேலை அங்கே நடப்பதில்லை. அகன்ற தொட்டியில் அடியில் கூழாங்கல், மேலே மணல், அதற்கு மேல் ஓராள் இடுப்பளவுக்குத் தண்ணீர். தண்ணீர் மெல்லக் கீழிறங்கும்போது சில நாளில் மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான ஓர் அழுக்குத் தோல் படியும்: பாசி, வண்டல், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அந்த உயிருள்ள தோல்தான் வரும் கிருமியைப் பிடித்துத் தின்கிறது. தோல் தடித்துத் தண்ணீர் இறங்காமல்போனால் தொட்டியை வடித்து, ஆட்கள் இறங்கி, மண்வெட்டியால் மேலே ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டி எடுப்பார்கள். மறுபடி நீர் நிரப்பினால் புதுத்தோல் படியும்வரை அந்த வடிகட்டியை நம்பக்கூடாது.

1893 ஜனவரியில் ஆல்டோனாவே காலராவில் விழுந்தது. வடிகட்டி இருந்த ஊர்! பெட்டன்கோஃபர் கட்சிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? கோக் மறுபடி கிளம்பினார். இந்த முறை அவர் கேட்டது, வடிகட்டி இருந்ததா என்று அல்ல. எந்த வடிகட்டி, எந்த நாள், என்ன நிலையில் என்று கேட்டார். ஆல்டோனாவில் திறந்த தொட்டிகள் பல இருந்தன. கடும் உறைபனி. அழுக்கு அடைத்துக்கொண்ட ஒரு தொட்டியைச் சுத்தம் செய்ய நீரை வடித்தபோது ஈரமணலே உறைந்துவிட்டது. அப்படியே மேலே தண்ணீரை நிரப்பினார்கள். உறைந்த இடத்தில் நீர் இறங்காது. உறையாத இடத்தில் விரைந்து இறங்கும். அழுக்குத் தோலும் இல்லை. பத்தில் ஒன்று கெட்டால் என்ன என்று நினைக்கலாம். எல்லாத் தொட்டித் தண்ணீரும் ஒரே சேமிப்புக் கிணற்றில் கலந்துதான் ஊருக்குப் போயிற்று.

இதைக் கண்டுபிடிக்க உதவியது கோக்கின் பழைய ஆய்வுக்கூடத் தந்திரம். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரை உருக்கிய ஊட்டச்சத்து ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றி இரண்டு நாள் வைத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒவ்வொன்றும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணினால் போதும். நல்ல வடிகட்டியில் புள்ளிகள் நூறைத் தாண்டுவதில்லை. பழுதான நாட்களில் பலமடங்கு ஏறியிருந்தன. ஹாலே நகருக்கு அருகே நீட்லேபன் மனநல மருத்துவமனையிலும் அதே குளிர்காலத்தில் காலரா. அங்கும் மணல் வடிகட்டி இருந்தது, அங்கும் உறைபனியும் கவனக்குறைவும் சேர்ந்து அதைப் பெயரளவுக்கு ஆக்கியிருந்தன.

1893-ல் கோக் வெளியிட்ட கட்டுரையில் விதிகள் வந்தன. வடிகட்டும் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சுரண்டிச் சுரண்டி மணல் கனம் 30 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது. ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனி வாய் வைத்து, தினமும் அதன் தண்ணீரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 100 கிருமிக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் சேமிப்புக் கிணற்றைத் தொடக்கூடாது. பார்க்கச் சின்ன விதிகள். ஆனால் குடிநீர்ப் பொறியியலில் பெரிய மாற்றம் இங்கேதான் நடந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அதுவரை வடிகட்டியைக் கட்டி முடித்ததும் பொறியாளர் வேலை முடிந்தது. இனிமேல் அது ஓடும் ஒவ்வொரு நாளும் ஓர் எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் குடிநீர் விதிகளில் அந்த 100 நெடுங்காலம் நிலைத்தது.

பெட்டன்கோஃபர் தோல்வியை ஏற்கவில்லை. ஆல்டோனா விழுவதற்குச் சில மாதம் முன்பு, 1892 அக்டோபர் 7 அன்று, 73 வயதில், காலராக் கிருமி வளர்த்த திரவத்தை வரவழைத்து, வயிற்றுப் புளிப்பு கிருமியைக் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லக்கூடாதென்று சோடா உப்பு சேர்த்து, விழுங்கினார். லேசான பேதியோடு பிழைத்தார். அவர் மாணவர் ருடால்ஃப் எமரிச்சும் சில நாள் கழித்துக் குடித்தார். அவருக்குப் பேதி கடுமையாகவே கண்டது, ஆனாலும் மீண்டார். கிழவரின் துணிச்சலை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் இரண்டு உடம்புகளில் செய்த அந்தச் சோதனையைவிட, பாவப்பட்ட மக்களை வைத்து ஓர் எல்லைத் தெருவில் தானாக நடந்துவிட்ட சோதனை மிகப் பெரியது.

ஹாம்பர்கில் வேலை முடுக்கிவிடப்பட்டு, 1893 மே மாதம் காள்ட்டஹோஃபே வடிகட்டிகள் ஓடத் தொடங்கின. இருபது ஆண்டு இழுபறி ஒன்பது மாதத்தில் தீர்ந்தது! சுகாதார ஆய்வு நிலையம் பிறந்தது. அக்கம்பக்க ஊர்கள் ஹாம்பர்க் குப்பையை வாங்க மறுத்ததால் ஜெர்மனியின் முதல் குப்பை எரிப்பு ஆலை 1896-ல் அங்கே எழுந்தது. அதே ஆண்டு ஓட்டுரிமையும் கொஞ்சம் விரிந்தது. 1900-ல் ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. காள்ட்டஹோஃபே 1990 வரை உழைத்தது, இப்போது அருங்காட்சியகம்.

நகர மருத்துவ அதிகாரி ரைன்கே பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தார். வடிகட்டிய தண்ணீர் வந்தபின் டைஃபாய்டு சாவு குறைந்தது, எதிர்பார்த்ததுதான். தண்ணீரோடு சம்பந்தமே இல்லை என்று நினைத்த நோய்களிலும் சாவு குறைந்தது, குழந்தைகள் சாவும் குறைந்தது. அட்லாண்டிக்குக்கு அப்பால் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரில், 1893-ல் மணல் வடிகட்டி வைத்த பொறியாளர் ஹைரம் மில்ஸும் அதையே பார்த்தார். இருவர் பெயரையும் சேர்த்து அதை மில்ஸ்–ரைன்கே விளைவு என்றார்கள். நம் சென்னையிலோ 1872-லிருந்து செங்குன்றம் ஏரித்தண்ணீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டாமலே ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தது 1914-ல்.

வடிகட்டியைத் தினமும் எண்ணிப் பார்த்தாலும் ஓர் இடுக்கு மிச்சமிருந்தது. தட்டில் புள்ளிகள் வளர இரண்டு நாள் ஆகும். அதற்குள் அந்தத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருக்கும். 1905-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில், வடிகட்டி இருந்தும் டைஃபாய்டு பரவியபோது, அலெக்சாண்டர் ஹூஸ்டன் என்ற மருத்துவர் யாரும் ஒப்பாத ஒரு காரியத்துக்குத் துணிந்தார்: குடிநீரில் குளோரின் மருந்தைத் தொடர்ந்து கலந்துகொண்டே இருப்பது.

(தொடரும்)